கசப்புக் கீரை

யூதர்களின் பஸ்காப் பண்டிகை இரவில் பேச்சைத் தொடங்குவது வீட்டின் கடைக்குட்டி. புளியாத அப்பமும் கசப்புக் கீரையும் எதற்கென்று குழந்தை கேட்க வேண்டும். எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த முன்னோர் கதையைப் பெரியவர்கள் தமக்கே நேர்ந்ததுபோல் சொல்ல வேண்டும். கசப்பை மறக்கலாகாது, அதற்குப் பழகிப் போகவும் கூடாது.

நமது புதுவையில் அப்படிப் பழக மறுத்தவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர். ஓயாத வேலை, சொற்பக் கூலி, சங்கம் வைக்கவும் உரிமையில்லை. 1936 ஜூலை 30-ஆம் தேதி, சவானா ஆலையில் (பிற்காலச் சுதேசி மில்) வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பிரெஞ்சுச் சர்க்காரின் துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டவர் 12 பேர்.

அன்று பாரிஸில் பிரதம மந்திரி யார் தெரியுமா? லெயோன் ப்ளும், யூதர், சோஷலிஸ்ட். பிரான்ஸின் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று அதற்கு முந்திய மாதந்தான் சட்டம் செய்திருந்தார்! கொடி ஒன்று, நியாயம் இரண்டு. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸுக்கே சென்று வாதாடினார். 1937-இல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின.

சென்ற ஜூலையில் என் வகுப்புச் சிறுவன் ஒருவன், "வேலை எட்டு மணிதான் என்று யார் ஸார் வைத்தது?" என்றான். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பன்னிரண்டு பேரின் கதையைத் தொடங்கினேன்.