ஒரு வார்ப்புரு, பல பக்கங்கள்

பள்ளி இணையதளம் ஒன்றில் முகப்பு, சேர்க்கை, மன்றங்கள், தேர்வு அட்டவணை என இருபது பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபதிலும் மேலே பள்ளியின் பெயர், கீழே முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். எண் மாறினால் இருபது கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். பத்தொன்பதைத் திருத்தி ஒன்று விடுபட்டால், அந்த ஒன்றைப் பார்த்துத்தான் ஒரு பெற்றோர் சேர்க்கைக்காகப் பழைய எண்ணை அழைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கான தீர்வை மாணவர்களே கண்டறியட்டும் என்று எங்கள் கணினி மன்றத்தில் ஜாங்கோவைப் பயன்படுத்துகிறேன். இது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வலைச் சட்டகம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால் மாணவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றில் பணியாற்றிய அட்ரியன் ஹோலோவட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003இல் இதை உருவாக்கத் தொடங்கினர். 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. ஒருமுறை நிறுவிவிட்டால், இணைய இணைப்பு இல்லாமலும் ஆய்வகக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கலாம்.

தாய் வார்ப்புரு

மாற்றுச் சான்றிதழ்ப் படிவம் நமக்குப் பழக்கமானது. அச்சிட்ட வரிகள் எல்லோருக்கும் ஒன்றே. கோடிட்ட இடங்கள் மட்டும் மாணவருக்கு மாணவர் மாறும். ஜாங்கோவின் வார்ப்புருவும் அப்படித்தான். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பு, பட்டியல், அடிப்பகுதி ஆகியவற்றை ஒரே கோப்பில் எழுதுகிறோம். அதைத் தாய் வார்ப்புரு என்று மாணவர்களிடம் சொல்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் மாற வேண்டிய இடங்களை 'பிளாக்' என்ற குறியால் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறோம்.

சேர்க்கைப் பக்கத்துக்கான சேய்க் கோப்பின் தொடக்கத்தில் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற குறியையும் தாய்க் கோப்பின் பெயரையும் எழுதினால் போதும். பிறகு, மாற வேண்டிய பிளாக்கை மட்டும் அதே பெயரில் எழுதி நிரப்பலாம். நிரப்பாமல் விட்ட பிளாக்கில் தாய்க் கோப்பில் உள்ளதே தோன்றும். தாயில் உள்ளதை வைத்துக்கொண்டே கூடுதலாகச் சேர்க்க விரும்பினால் 'பிளாக் சூப்பர்' உதவும். இனித் தொலைபேசி எண்ணைத் தாய்க் கோப்பில் ஒருமுறை மாற்றினால் இருபது பக்கங்களிலும் மாறிவிடும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சேய்க் கோப்பில் பிளாக்கின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதினாலும் பிழைச் செய்தி வராது. எழுதியது பக்கத்தில் தோன்றாது, அவ்வளவுதான். பிளாக்குக்கு வெளியே எழுதும் வரிகளுக்கும் இதே கதிதான். "எழுதினேன், காணோம் சார்" என்று வந்தால் முதலில் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சிறு துண்டுகள்

அறிவிப்புப் பெட்டி போன்ற சிறு பகுதி சில பக்கங்களில் மட்டும் தேவைப்படும். அதைத் தனிக் கோப்பாக எழுதி, வேண்டிய இடத்தில் 'இன்க்ளூட்' குறியால் அழைத்துக்கொள்ளலாம். முழுப் பக்கத்தின் அமைப்புக்கு எக்ஸ்டெண்ட்ஸ், நடுவே வரும் துண்டுக்கு இன்க்ளூட் என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் இருக்காது.

பிறர் செய்ததை நமதாக்குதல்

ஜாங்கோவுடன் ஆயத்தமாகவே ஒரு நிருவாகப் பக்கம் வருகிறது. அதன் தலைப்பில் பள்ளியின் பெயர் வேண்டுமென்றால், ஜாங்கோவின் மூலக் கோப்பில் கைவைக்கக் கூடாது. நம் வார்ப்புருக் கோப்புறைக்குள் 'அட்மின்' என்ற உட்கோப்புறையை உருவாக்கி, அதில் மூலத்தின் அதே பெயரில் நம் கோப்பை வைக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் நம் கோப்புறையைக் குறிப்பிட்டிருந்தால், ஜாங்கோ முதலில் அங்கேதான் தேடும். மூலம் அப்படியே இருப்பதால், புதிய பதிப்பு வரும்போது நம் மாற்றம் அழிந்துபோகாது.

கணினி இல்லாத வகுப்பில்

இந்தச் சிந்தனையைத் தொடக்க வகுப்புகளிலும் விதைக்கலாம். விடுப்பு விண்ணப்பங்கள் மூன்றைக் கொடுத்து, மூன்றிலும் மாறாத வரிகளைப் பச்சையிலும் மாறும் சொற்களை நீலத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பச்சை வரிகளை மட்டும் எழுதி, நீலத்துக்கு இடம் விட்டால் அதுவே வார்ப்புரு.

மேல்நிலை மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலையும் இதன் நீட்சிதான். நிரல் எழுதும் முன் தாளில் எல்லாப் பக்கங்களையும் வரைந்து, எது பொது, எது தனி என்று குழுவாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். தலைமையாசிரியர் செய்தி எல்லாப் பக்கத்திலும் வர வேண்டுமா, முகப்பில் மட்டும் போதுமா என்று அவர்கள் வாதிடும் அந்த அரைமணி நேரத்தில்தான் பாடத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. குறிகளைப் பிறகு கற்றுக்கொள்ள ஒரு பாடவேளை போதும்.