சிறுநீர்த் தொற்றும் சேற்று நிலக் கிருமியும்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி கழிக்க வேண்டுமென்ற உணர்ச்சி, குளிர் காய்ச்சல் ஆகியன சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்தமைக்கு அறிகுறிகளாகும். இத்தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலில் வாழும் எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவே. எனினும், அரிதாக, மண்ணில் வாழும் கிருமி ஒன்றும் இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். மீலியாய்டோசிஸ் என்னும் நோயை விளைவிக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்பதே அது.

ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகிய மருத்துவர் இருவரும் இந்நோயைக் கண்டறிந்து 1912-இல் விவரித்தனர். இந்தியாவில் இது நெடுங்காலம் அதிகம் கவனிக்கப்படவில்லை. 1990-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் தம் நோயாளிகள் பலரிடம் இக்கிருமியைக் கண்டு அறிவித்தனர். சித்தூர், திருப்பதி வட்டாரத்து மக்கள் பலர் சிகிச்சைக்காக நாடும் ஊர் வேலூராதலின், இச்செய்தி அவர்களுக்கும் நேரே உரியதாகும்.

ஈர மண்ணும் தேங்கிய நீரும் இக்கிருமியின் உறைவிடங்கள். நெல் வயலில் வெறுங்காலுடன் உழைப்போரின் தோற்புண் வழியாக இது உடலிற் புகும். அசுத்த நீர், காற்றில் எழும் நீர்த்துளி, புழுதி வழியாகவும் புகக்கூடும். மழைக்காலத்தில் நோய் மிகும். நீரிழிவு உடையோரே இதற்கு எளிதில் இலக்காகின்றனர். இரத்தத்திற் கலந்த கிருமி நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைத் தாக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ்க்கட்டி உண்டாக, சிறுநீர் தடைப்படுதலும் உண்டு. அப்போது சிறுநீரிலும் கிருமி காணப்படும்.

ஆய்வுக்கூடத்தில் இதனைச் சாதாரண சூடோமோனாஸ் என்று மயங்குதல் எளிது. சாயமேற்றிப் பார்க்குங்கால் இரு முனைகளும் அடர்ந்து, ஊக்கு போலத் தோன்றும். ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய மருந்துகளுக்கு இது பொதுவாக அடங்காது, அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்கு அடங்கும். இவ்வேறுபாடு சிறந்த துப்பாகும். இதனை அறியாது ஜென்டாமைசினையே நம்பியிருப்பின், கழியும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் உயிருக்கு ஆபத்தாகும்.

செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள் வரை நரம்பு வழியே செலுத்தி, பின்னர் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை ஏறத்தாழ 3 மாதம் கொடுப்பர். பெரிய கட்டியாயின் சீழை வெளியேற்றுவர். காய்ச்சல் தணிந்தவுடன் மாத்திரையை நிறுத்தினால் நோய் மீளும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை இவை: நீரிழிவுடைய உழவர் ஒருவருக்கு மழைக்காலத்தில் சிறுநீர்த் தொல்லையும் நீங்காத காய்ச்சலும் சேர்ந்திருப்பின், சிறுநீருடன் இரத்தத்தையும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பத் தூண்டுக, அவர் சேற்றில் உழைப்பவர் என்பதை மருத்துவருக்குத் தெரிவிக்க. சேற்றில் இறங்குமுன் புண்ணை மூடுதலும், காலுறை பூட்ஸ் அணிதலும், நீரைக் காய்ச்சிப் பருகுதலும் நன்றென ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக வீடுதோறும் பரப்புவாராக. இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. ஆதலின் விழிப்பே காப்பு.