செனாயிலிருந்து தமிழகம்: தொலைவும் நேரமும்

ஓரூருக்கும் மற்றோரூருக்கும் இடைப்பட்ட தொலைவை நாம் இருவகையாகக் கூறுகிறோம். ஒன்று நில அளவு. மற்றொன்று, ‘ஒரு நாள் வழி’ என்பது போலக் கால அளவு. ஜொகூர்த் தமிழர்க்குத் தமிழகம் எவ்வளவு தொலைவு என்னும் வினாவிற்கு இவ்விரு விடைகளும் வேண்டப்படுகின்றன.

ஜொகூர் பாருவை அடுத்த செனாய் விமான நிலையம் 1974ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,880 கிலோமீட்டர், திருச்சிராப்பள்ளிக்கு 2,940. நேர்த்தொலைவு என்பது இங்குப் புவியுருண்டையின் மேற்பரப்பிற் செல்லும் பெருவட்டப் பாதையைக் குறிக்கும். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் விரையும் விமானத்திற்கு, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, இஃது ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணமாகும். மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியதாகலின், போகையில் அது கடிகாரத்தில் ஒன்றரை மணியாகவும் மீள்கையில் ஆறரை மணியாகவும் தோன்றும். (1982க்கு முன் இவ்வேறுபாடு இரண்டு மணியே.)

ஜொகூரிலிருந்து செல்வோர் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரின் சாங்கியிலோ விமானம் ஏறுகின்றனர். கோலாலம்பூர் சுற்றுவழி எனப் பலர் எண்ணுவர். நிலப்படம் அதனை மறுக்கிறது. செனாய்-சென்னைப் பெருவட்டப் பாதையை ஒட்டியே, 250 கிலோமீட்டர் தொலைவில் அந்நிலையம் அமைந்துள்ளது. சாங்கியோ செனாயிலிருந்து நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டரே. ஆயினும் ஜொகூர்ப் பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை உண்டு. இரு வழியிலும் நாம் இழப்பது தொலைவன்று, காத்திருக்கும் நேரமே.

இந்நேரக் கணக்கு இறப்புச் செய்தி வரும் நாளில்தான் உண்மையில் உறைக்கும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை இணைத்தது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். தந்தி அன்றே வந்துவிடும். தோட்டத்து மகன் தாய்க்குக் கொள்ளி வைக்க இயலாது. கப்பல் நாள் ஒத்து வந்தால் பதினாறாம் நாட் கருமாதிக்குச் சேரலாம், அவ்வளவே. கொள்ளி வைக்கும் உரிமை தம்பிக்கோ பங்காளிக்கோ சென்றது.

இன்று மகன் வரும்வரை உடலைக் காக்க வைக்கின்றனர். “எப்போது வந்து சேர்வாய்?” என ஊரிலிருந்து கேட்போர்க்கு நான்கு மணி நேரம் என்பது விடையாகாது. குளாயிலுள்ள வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரம், புறப்பாட்டிற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம், இறங்கிய பின் சாலைப் பயணம் ஆகிய அனைத்தையும் கூட்டுதல் வேண்டும். சாலைப் பயணமே பெரிதும் வேறுபடுவது. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்க்குச் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 100. வானில் 60 கிலோமீட்டர் மிகுதியான திருச்சியே காவிரிப் படுகை ஊரார்க்குச் சில மணி நேரம் அண்மையிலுள்ளது.