உங்களுக்குத் தெரியுமா?

யௌவனப் பருவத்தில் தலைகாட்டும் இருதுருவ மனநோய், தன் அடையாளமாக உலகம் அறிந்த மிதமிஞ்சிய உற்சாகத்தோடு வராமல், பலரிடத்தில் வெறும் மனச்சோர்வாகவே முதலில் பிரவேசிக்கிறது. அதனால் நோயின் மெய்யான பெயர் தெரியவே பல வருஷங்கள் கழிந்துவிடுவதுண்டு.

● நித்திரை குறைந்தும் களைப்பின்மை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு ஆகியவை ஒரு வாரமேனும் நீடித்தால் அது தீவிர எழுச்சி. 4 நாட்களேனும் நீடிக்கும் மிதமான வடிவமும் உண்டு. அதைச் சுறுசுறுப்பென்றெண்ணி வீட்டார் மகிழ்ந்துவிடுவது பரிதாபத்திற்குரியது.

● சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பக்கூடுமாதலால், முன்னர் உறக்கமே வேண்டாத உற்சாக நாட்கள் இருந்தனவா, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் உண்டா என்று வைத்தியர் வினவுவது அவசியம்.

● லித்தியம் உப்பு அந்த எழுச்சியைத் தணிப்பதை 1949-இல் வெளியிட்டவர் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட். இன்றும் அது வழக்கிலுள்ள மருந்து.