வெற்றுப் போத்தலும் விற்றவர் பொறுப்பும்: ஜேர்மனிய அனுபவம்

ஜேர்மனியில் வேலை செய்கின்ற என் மச்சான் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். டீவி ரிமோட்டிலிருந்து கழற்றிய இரண்டு பெட்டரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இத எங்க போடுற மச்சான்?" என்று கேட்டார். "குப்பைக்குள்ள போடுங்க மகன்" என்றார் என் உம்மா. "அங்க எண்டா கடையில குடுத்துட்டு வருவம் மாமி" என்றார் அவர். உம்மா விடவில்லை. "செத்துப்போன சாமான கடைக்காரன் ஏன் மகன் திருப்பி எடுக்கான்?"

உம்மா கேட்டது சரியான கேள்வி. ஜேர்மனியின் மூன்று சட்டங்கள் அதற்குத்தான் பதில் சொல்கின்றன.

பொதுவாக ஒரு பொருள் நம் கைக்கு வந்ததும் அதைச் செய்தவரின் வேலை முடிந்துவிடும். மிஞ்சுகின்ற உறையையும் பழுதான கருவியையும் அள்ளுவது நகரசபையின் வேலை. அதன் செலவு நம்மட வரிப்பணம். இந்தச் செலவை, பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரின் தலையில் திருப்பி வைப்பதையே 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்கிறார்கள். 1990இல் சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்ட்குவிஸ்ட் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். அதை முதலில் பெரிய அளவில் சட்டமாக்கிய நாடு ஜேர்மனி.

உறைகள்

1980களில் மேற்கு ஜேர்மனியில் குப்பை கொட்ட இடம் சுருங்கிக்கொண்டே போனது. ஒரு பகுதிக் குப்பை எல்லை தாண்டி, கிழக்கு ஜேர்மனியின் ஷோன்பெர்க் குப்பைமேட்டுக்குக் காசு கொடுத்து அனுப்பப்பட்டது. 1990இல் இரண்டு நாடுகளும் ஒன்றாகின. அடுத்த வீட்டு வளவு சொந்த வளவாகிவிட்டது.

1991இல் சுற்றாடல் அமைச்சர் கிளவுஸ் டொப்ஃபர் காலத்தில் பொதியுறைக் கட்டளை வந்தது. விற்ற உறையை விற்றவரே திருப்பி எடுக்க வேண்டும். அல்லது வீடு வீடாகச் சேகரிக்கும் ஒரு பொது அமைப்பில் சேர்ந்து கட்டணம் கட்ட வேண்டும். கம்பனிகள் இரண்டாவது வழியைப் பிடித்தன. இரண்டு அம்புகள் சுழலும் 'பச்சைப் புள்ளி' அப்படிப் பிறந்தது. அந்தக் குறியைக் கண்டால் பலர் 'இது மீள்சுழற்சி செய்த பொருள்' என்று நினைக்கிறார்கள். 'இந்த உறைக்குக் கட்டணம் கட்டியாயிற்று' என்பது மட்டுமே அதன் பொருள்.

அதிலும் கள்ளம் நடந்தது. குறியை அச்சிட்ட பல கம்பனிகள் காசு கட்டவில்லை. மக்களோ எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தரம்பிரித்துக் கொடுத்தார்கள். 1993இல் அமைப்பு வங்குரோத்தின் விளிம்புக்குப் போனது. ஜேர்மனியப் பிளாஸ்டிக் வெளிநாட்டுக் குப்பைமேடுகளில் கிடந்ததும் அந்தக் காலத்தில்தான். கட்டணம் வாங்கினால் மட்டும் போதாது, யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்க ஒரு கண் வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

அந்தக் கண் 2019 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய பொதியுறைச் சட்டத்தோடு வந்தது. 'லூசிட்' என்பது அதன் பெயர். உறையிட்ட பொருளைச் சந்தைக்கு விடுபவர் எல்லோரும் பெயர் பதிய வேண்டிய பதிவேடு இது. யாரும் திறந்து பார்க்கலாம். போட்டிக் கம்பனியும் பார்க்கலாம். பெயர் பதியாவிட்டால் 100,000 யூரோ வரை, சேகரிப்பு அமைப்பில் சேராவிட்டால் 200,000 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். அமைப்புகளில் பதிவான பிளாஸ்டிக் உறையில் 63 சதவீதத்தை மீண்டும் பிளாஸ்டிக்காகவே மாற்ற வேண்டும் என்பது 2022 முதல் உள்ள இலக்கு.

இங்கே 'உற்பத்தியாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர் என்று நாம் எடுத்துக்கொள்வோம். சட்டமோ, அந்த உறையை ஜேர்மனியச் சந்தைக்கு முதலில் வியாபாரமாகக் கொண்டுவந்தவரைச் சொல்கிறது. ஹம்பர்க் கடையில் இருக்கும் இலங்கைத் தேயிலைப் பெட்டிக்கு, அதை இறக்குமதி செய்தவர் 'உற்பத்தியாளர்'. இங்கே வீட்டிலிருந்து கைப்பணிப் பொருள் செய்து, இணையவழியாக ஜேர்மன் வாடிக்கையாளருக்கு நேரே தபாலில் அனுப்பும் ஒரு சகோதரிக்கும் அதே பெயர்தான். 2022 ஜூலை முதல் இணையச் சந்தைகள் லூசிட் பதிவு இல்லாதவரை விற்க விடக்கூடாது. நம்மவர்களில் அப்படித் தொழில் செய்கிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

மின்கருவிகளும் பெட்டரிகளும்

மின்கருவிச் சட்டம் 2005இல் வந்தது. அது நடக்கும் விதம் சுவையானது. பழுதான தொலைக்காட்சியையும் குளிர்சாதனப் பெட்டியையும் மக்கள் உள்ளூராட்சி நிலையத்தில் இலவசமாக ஒப்படைக்கிறார்கள். கொள்கலன் நிறைந்ததும் நிலையம் ஒரு மத்திய பதிவேட்டுக்கு அறிவிக்கும். யார் எவ்வளவு விற்றார் என்ற பங்கைக் கணக்கிட்டு, 'இந்தக் கொள்கலன் உன்னுடையது, போய் எடு' என்று பதிவேடு ஒரு கம்பனிக்கு உத்தரவிடும். உள்ளே கிடப்பது அந்தக் கம்பனியின் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கம்பனி முறிந்துபோனாலும் அதன் கழிவு அநாதையாகக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே நிதிப் பிணையும் வாங்குகிறார்கள். பெரிய மின்கருவிக் கடைகள், 25 சென்றிமீற்றருக்கு மேற்படாத சிறு கருவிகளைப் புதிதாக ஒன்றும் வாங்காமலே திருப்பிக் கொடுத்தாலும் எடுக்க வேண்டும். 2022 முதல் 800 சதுர மீற்றருக்கு மேற்பட்ட, மின்கருவியும் விற்கின்ற உணவுக் கடைகளுக்கும் அதே கடமை.

பெட்டரிக்கான சட்டம் 2009இல் வந்தது. பெட்டரி விற்கின்ற கடை சிறியதோ பெரியதோ, தான் விற்கும் வகைப் பெட்டரியை இலவசமாகத் திருப்பி எடுத்தாக வேண்டும். மச்சான் சொன்னது இதைத்தான். வாகன பெட்டரிக்கு மட்டும், பழையதைக் கொடுக்காமல் புதியது வாங்கினால் 7.50 யூரோ பிணைக்காசு கட்ட வேண்டும். 2023இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, 2027 பெப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பெட்டரியைப் பாவனையாளரே கழற்றக்கூடியவாறு செய்ய வேண்டும் என்கிறது. பொறுப்பு குப்பைத் தொட்டியிலிருந்து வரைபட மேசைக்குப் போகிறது என்று இதைச் சொல்லலாம்.

எது பலித்தது?

மின்கருவிகளில் முடிவு ஏமாற்றம். விற்பனையோடு ஒப்பிட்டு 65 சதவீதம் சேகரிக்க வேண்டும் என்பது 2019 முதல் இலக்கு. 2021இல் ஜேர்மனி 40 சதவீதத்தையும் எட்டவில்லை. பழைய ஃபோன் லாச்சிக்குள் கிடக்கிறது. கம்பனிக்கு அது திரும்பி வராவிட்டால் செலவும் இல்லை.

போத்தல் கதை வேறு. 2003 முதல் ஒருதடவை பாவிக்கும் பானப் போத்தல்களுக்கும் தகரக் குவளைகளுக்கும் 25 சதம் பிணைக்காசு. கடை இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பும். இப்படிக் கிட்டத்தட்ட 98 சதவீதம் திரும்பி வருகிறது. வெற்றுப் போத்தலைக் குப்பைத் தொட்டிக்குள் எறியாமல் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டாம். பொறுக்கி வாழும் ஏழை ஒருவர் கைவிட்டுத் துழாவக் கூடாதே என்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கம்பனியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது பாதி வேலை. பாவித்தவர் அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒரு காரணம் வைப்பது மீதிப் பாதி. அந்தப் பாதி இல்லாத இடத்தில், வாங்கும்போதே விலைக்குள் நாம் கட்டிய மீள்சுழற்சிக் காசு வேலை செய்யாமல் கிடக்கும்.

உம்மாவுக்கு மச்சான் சொன்ன பதில் இது: "நாம வாங்குறப்பவே அத எடுக்கிறதுக்கும் சேத்துத்தான் காசு குடுக்கிற மாமி. கொண்டுபோய்க் குடுக்காட்டி நமக்குத்தான் நட்டம்." உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இஞ்ச நாம குடுக்கிற காசுக்கு என்ன மகன் கணக்கு?" என்றார்.

அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இருக்கவில்லை.