சாட்சி சொல்லுதல்

சாட்சி சொல்லுதல் என்பது தமிழ்க் கிறித்தவ ஜெபக்கூட்டங்களில் ஒருவர் தம் வாழ்வில் கடவுள் செய்ததாகத் தாம் நம்பும் ஒன்றைப் பலர் முன்னிலையில் எழுந்து நின்று சொல்லும் வழக்கம். நோய் நீங்கியது, வேலை கிடைத்தது, குடியை விட்டது, பிள்ளைப்பேறு வாய்த்தது, பிரிந்த குடும்பம் சேர்ந்தது ஆகியவை அதிகம் சொல்லப்படுபவை. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இது 'சாட்சி' எனப்படுகிறது. கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் செபக்குழுக்களில் 'சாட்சியம்' என்ற சொல் வழங்குகிறது. கூட்டத்தின் மையமான தேவசெய்தியைப் போதகரோ ஊழியரோ கொடுப்பார். சாட்சிக்கு அந்தத் தகுதி தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும், பிரசங்க மேடை மறுக்கப்பட்ட பெண்களும் இதன் வழியாகவே சபையில் பேச இடம் பெற்றனர்.

சொல்லும் வழக்கும்

நேரில் கண்டவர் என்று பொருள்படும் 'ஸாக்ஷி' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் சாட்சி. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'மார்த்துஸ்' என்ற சொல்லும் முதலில் வழக்குமன்றச் சாட்சியையே குறித்தது. நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களையும் அதே சொல் குறிக்கத் தொடங்கியதால், தமிழில் சீர்திருத்தச் சபையினர் 'இரத்தசாட்சி' என்றும் கத்தோலிக்கர் 'மறைசாட்சி' என்றும் சொல்கின்றனர்.

பேச்சு வழக்கில் இச்சொல் இன்னும் விரிந்தது. 'நல்ல சாட்சியுள்ள குடும்பம்' என்றால் ஊரில் நற்பெயர் உள்ள குடும்பம். 'சாட்சி கெட்டுப்போச்சு' என்றால் அந்தப் பெயர் போய்விட்டது என்று பொருள். சொன்ன சாட்சிக்கும் நடக்கும் நடப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று அக்கம்பக்கம் கவனித்துக்கொண்டே இருக்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. குடியை விட்டதாகச் சாட்சி சொன்னவர் மறுமாதம் கடையில் தென்பட்டால் பேச்சு அவரோடு நிற்பதில்லை. ஜெபக்குழு முழுவதன் சாட்சியும் கெடும்.

முன்மாதிரிகள்

விவிலியத்தில் இதற்குப் பல முன்மாதிரிகள் உண்டு. யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் ஊருக்குள் போய்ச் சொல்கிறாள். 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற குருடன் விசாரணைக்கு நடுவே தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிற்கிறான். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் தம் மனமாற்றத்தை 22, 26 ஆகிய அதிகாரங்களில் இருமுறை எடுத்துரைக்கிறார். பழைய வாழ்க்கை, எதிர்பாராத சந்திப்பு, புதிய வாழ்க்கை என்ற பவுலின் மூன்று படிகளே இன்றுவரை பெரும்பாலான சாட்சிகளின் அமைப்பு.

இந்த அமைப்பு தமிழ் மண்ணுக்கு முற்றிலும் வெளியிலிருந்து வந்ததல்ல. சமணத்தில் இருந்த திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தி, திருவதிகையில் பாடி நோய் நீங்கிச் சைவத்துக்குத் திரும்பிய வரலாறு இதே மூன்று படிகளைக் கொண்டது. திருவண்ணாமலைக் கோயிலின் வல்லாள கோபுரத்திலிருந்து உயிர்விடக் குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கினார் என்ற மரபுக்கதையும் அப்படியே. அந்த ஊரில் ஒருவர் எழுந்து, 'சாகப் போனேன், காப்பாற்றப்பட்டேன்' என்று சொன்னால், கேட்பவர் எந்தச் சமயத்தவரானாலும் அந்தக் கதையின் போக்கு அவருக்குப் பழக்கமானதே.

தமிழகத்தில் வளர்ச்சி

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் திருப்பணியில் சாட்சிக்கு வழிபாட்டில் தனி இடம் இல்லை. ஞானோபதேச வினாவிடையை மனனம் செய்து ஒப்பிப்பதே அங்கு நம்பிக்கையின் அடையாளம். டேனிஷ் மிஷன் வழியாக உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்த மரபைச் சேர்ந்தது. திருவண்ணாமலை நகரில் கிறித்தவர்களின் பழைய முகம் இந்தச் சபையும் டேனிஷ் மிஷன் பள்ளியுமே. உள்ளத்து அனுபவத்தைச் சிறு குழுவில் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் மெதடிஸ்டுகளிடமிருந்தும் சகோதர சபையினரிடமிருந்தும் வந்தது.

திருநெல்வேலிப் பகுதியில் ரேனியஸிடம் பயின்று, பின்னர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தாக்கம் பெற்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) இதில் முக்கியமானவர். அவர் உருவாக்கிய கிறிஸ்டியான்பேட்டையில் 1860இல் எழுப்புதல் ஏற்பட்டது. ஆண்களும் பெண்களும் கூட்டத்தில் அழுது தம் பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டனர். அருளப்பன் மிஷன் சம்பளம் பெறாதவர். இந்திய ஊழியர் ஒருவரின் தலைமையில், வெளிநாட்டுப் பாதிரியாரின் மேற்பார்வை இல்லாமல் நடந்தது என்பதே அந்த நிகழ்வின் தனித்தன்மை.

எழுத்திலும் சாட்சி வந்தது. 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), தாம் வைணவத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்த வரலாற்றை எழுதியிருக்கிறார். 1918இல் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்த சாது சுந்தர்சிங், சீக்கியக் குடும்பத்தில் பிறந்த தாம் இளவயதில் கண்ட தரிசனத்தையே மேடைதோறும் சொன்னார். டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) இளைஞராக இருந்தபோது தற்கொலைக்குத் துணிந்து ரயில் பாதைக்குச் சென்றதையும் அங்கிருந்து திரும்பியதையும் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டங்களில் சொல்லிவந்தார். அவருடைய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் இதழும் நிகழ்ச்சிகளும் வாசகர், நேயர்களின் சாட்சிகளுக்கு நிலையான இடம் கொடுத்தன. ஒரு வீட்டுக்கூடத்தில் இருபது பேருக்குச் சொல்லப்பட்டது அச்சேறி, ஒளிபரப்பேறியது இந்தக் காலத்தில்தான்.

கூட்டத்தின் நடைமுறை

வீட்டு ஜெபக்கூட்டம் பெரும்பாலும் மாலையில் நடக்கும். பாய் விரித்து, பாட்டுகள் பாடி, ஆரம்ப ஜெபம் முடிந்ததும் நடத்துபவர், 'சாட்சி இருக்கிறவங்க சொல்லலாம்' என்பார். எழுபவர் 'ஸ்தோத்திரம்' என்றோ கர்த்தருடைய நாமத்துக்கு மகிமை என்றோ தொடங்குவார். கேட்போர் இடையிடையே 'ஆமென்', 'அல்லேலூயா' என்பார்கள். அது வெறும் ஆமோதிப்பு அல்ல. திக்கித் திணறுபவருக்கு அடுத்த சொல்லை எடுக்கக் கிடைக்கும் அவகாசமும்கூட. சாட்சிகளுக்குப் பின் வேதவாசிப்பும் தேவசெய்தியும், இறுதியில் விண்ணப்பங்களுக்கான ஜெபமும் வரும். தேர்ந்த ஊழியர்கள் அன்று சொல்லப்பட்ட சாட்சியிலிருந்தே செய்தியைத் தொடங்குவதுண்டு.

சாட்சி பல நேரம் பொருத்தனையோடு தொடர்புடையது. 'மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமானால் சபையில் சாட்சி சொல்கிறேன்' என்று நேர்ந்துகொண்டவருக்குச் சொல்லாமல் இருப்பது கடனை வைத்திருப்பது போன்றது. பேசக் கூச்சப்படுபவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுப்பார்கள். அதை ஆலயத்தில் வாசிப்பதும் ஒருவகைச் சாட்சியே. வேளாங்கண்ணியில் நேர்ச்சையாக வந்த வெள்ளி, தங்க உருவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது இதன் கத்தோலிக்க வடிவம். டிசம்பர் 31 இரவு ஆராதனை பல சபைகளில் ஆண்டுக் கணக்குத் தீர்க்கும் நேரம். சாட்சிகள் அதிகம் சொல்லப்படுவதும் அன்றே.

கிடைக்காதவர்களுக்கு இந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஜெபித்தும் குணமாகாத நோய், ஜெபித்தும் திரும்பாத கணவன் ஆகியவை விண்ணப்பப் பட்டியலில் மாதக்கணக்கில் இருக்கும், சாட்சி நேரத்தில் வராது. வேதாகமத்தில் யோபுவின் முறையீட்டுக்கு ஒரு முழு நூல் இருக்கும்போது ஜெபக்கூட்டத்தில் அதற்கு ஐந்து நிமிடம் இல்லை என்பது இவ்வழக்கத்தின் பெரிய குறை.

சாட்சியும் சான்றிதழும்

வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டி வேலூர் சாலையில் அமைந்த பகுதி. 1989இல் தனி மாவட்டமான திருவண்ணாமலையின் ஆட்சியர் அலுவலகம் இங்கே உள்ளது. திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மாவட்டம் முழுவதிலுமிருந்து மனுவோடு இங்கு வருகிறார்கள். ஞாயிறன்று ஜெபக்கூட்டத்தில் சொல்லும் சொல்லுக்கும் திங்களன்று அலுவலகத்தில் காட்டும் தாளுக்கும் இடையே சில குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின்படி இந்து சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர், முஸ்லிம்கள் சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். பட்டியல் பழங்குடியினருக்குச் சமயக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஒருவர் சாட்சி சொல்வதும் சமவெளியின் சேரியிலிருந்து ஒருவர் சாட்சி சொல்வதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பின்னவர் இடஒதுக்கீட்டையும், பட்டியல் சாதியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்க நேரிடும். சேரியும் சாதியும் மட்டும் மாறுவதில்லை.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், திருமுழுக்கையும் தொடர்ந்து ஆலயத்துக்குச் சென்றதையும் கருத்தில்கொண்டு அவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை உறுதிசெய்தது. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காகச் சமயம் மாறியதாகக் கூறுவதை ஏற்க முடியாது என்றது. இதனால் பல குழுக்களில் ஒரு வேறுபாடு தெரிகிறது. நோய் நீங்கிய சாட்சியை யாரும் சொல்வார்கள்; 'ஞானஸ்நானம் எடுத்தேன்' என்ற சாட்சி வரும்போது சிலர் அமைதியாகிவிடுவார்கள். தமிழகத்தில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் மாவட்ட நிர்வாகத்துக்கு மதமாற்றத் தகவல் தரவேண்டும் என்றது. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது.

குணமாதல் சாட்சிகள்

நோய் நீங்கிய சாட்சி அதிகம் கேட்கப்படுவது, அதிகம் ஐயுறப்படுவதும் அதுவே. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகளில் மருந்தைத் தவிர்த்துத் தெய்வீக சுகத்தை நம்புவது போதனையாகவே இருந்தது. வட ஆற்காட்டுப் பகுதியில் இதற்கு மாறான ஒரு சாட்சி வகையும் வேரூன்றியது. ஐடா ஸ்கடர் 1900இல் சிறிய அளவில் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவமனை திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 'வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று மருத்துவத்தையும் ஜெபத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் சாட்சி இங்கு இயல்பானது.

ஆபத்து, சுகம் கிடைத்த உணர்வை நோய் தீர்ந்ததாகக் கொள்வதில் இருக்கிறது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, பசி திரும்பி, உடம்பு தேறும். அப்போது சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்துபவருக்கு நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வடிவத்திலும் வரலாம். பொறுப்புள்ள ஊழியர்கள் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சாட்சி முடிந்த உடனே அதே கூட்டத்தில் சொல்லிவிடுகிறார்கள். பிரான்சின் லூர்து நகரில் கத்தோலிக்கத் திருச்சபை மருத்துவர்களைக் கொண்டு குணமாதல்களை ஆராய்கிறது. 1858 முதல் அங்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவை எழுபதைச் சற்றே தாண்டியவை. வீட்டு ஜெபக்குழுக்களில் அத்தகைய ஏற்பாடு கிடையாது; சொன்னவரின் முகமும் பக்கத்து வீட்டாரின் அறிவுமே சோதனை.

கைபேசி வந்தபின் அந்தச் சோதனையும் தளர்ந்திருக்கிறது. பதிவாகி யூடியூபில் ஏறிய சாட்சியைக் கேட்பவருக்குச் சொன்னவரின் தெருவும் தெரியாது, அதன்பின் அவருக்கு என்ன ஆனது என்றும் தெரியாது. இதை உணர்ந்த குழுக்களில் சாட்சி நேரம் தொடங்கும்போது கைபேசிகளைப் பைக்குள் வைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு.