காளையாகாத கன்றுகள்: பெல்லினியின் ‘இ வித்தெல்லோனி’

ஆண்டு நிரம்புதல் வேறு. பொறுப்பு நிரம்புதல் வேறு. முன்னது தானே நிகழ்வது. பின்னது ஒருவன் முயன்று மேற்கொள்வது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலையிலேயே தங்கிவிட்ட ஐவரின் கதையே இத்தாலிய இயக்குநர் பெடரிகோ பெல்லினி (1920–1993) 1953ஆம் ஆண்டில் படைத்தளித்த ‘இ வித்தெல்லோனி’ என்னும் திரைப்படமாகும். பெல்லினியோடு என்னியோ பிலையானோ, துல்லியோ பினெல்லி ஆகிய இருவரும் சேர்ந்து கதையுரையை வகுத்தனர். நினோ ரோட்டா இசை அமைத்தார். வெனிசு நகரத் திரைப்பட விழாவில் அவ்வாண்டே இப்படம் வெள்ளிச் சிங்கப் பரிசினைப் பெற்றது. ஐவருள் ஊரைவிட்டு நீங்குபவன் முதிர்ச்சி எய்தினான் என்றும், தங்கியவர் எய்திலர் என்றும் இப்படத்தின் முடிவிற்குப் பொருள் கூறுதல் பெருவழக்கு. அப்பொருள் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ‘வித்தெல்லோ’ என்பது கன்று. ‘வித்தெல்லோனி’ என்பது பருத்த கன்றுகள். கன்றுப் பருவம் கழிந்தும் எருதின் நிலையை எய்தாத விலங்கினை அச்சொல் குறிக்கும். உண்டு கொழுத்து, நுகம் அறியாது திரியும் இளைஞரைக் குறித்தமையின் இதனை உவமையாகுபெயர் எனக் கொள்ளலாம். நம் பாட்டியல் நூல்கள் ஆடவர் பருவங்களுள் காளை என்பதனையும் ஒன்றாக எண்ணும். ஆண்டுச் சொல் பெருமிதம் தோன்ற நிற்கிறது. இத்தாலியச் சொல்லோ எள்ளல் தோன்ற நிற்கிறது. இப்படத்திற்குப் பின்னர் அச்சொல் இத்தாலி முழுதும் பரவிற்று.

அடுத்து, கதை கூறும் குரல் நோக்கத்தக்கது. படத்தின் இடையிடையே ஒரு குரல் ‘நாங்கள்’ என்று தன்மைப் பன்மையில் பேசுகிறது. ஆயின் அக்குரல் ஐவருள் எவனுடையது என்பது புலப்படுவதில்லை. ஐவரையும் அது படர்க்கையில் வைத்தே பேசுகிறது. இந்த ‘நாங்கள்’ என்னும் சொல்லே அவர்தம் நோய் எனலாம். ‘நான்’ என்று தனித்து நின்று ஒரு செயலுக்கு விடை கூற வேண்டிய நிலையை அவர்கள் அஞ்சுகின்றனர். கூட்டத்துள் ஒருவராய் இருக்குங்கால் அவ்வச்சம் மறைகிறது.

ஐவருள் பவுஸ்டோ தலைவன் போன்றவன். மொரால்டோவின் தங்கை சாந்திரா அவனாற் கருவுறுகிறாள். செய்தி வெளிப்பட்டதும் அவன் ஊரைவிட்டு ஓட முற்படுகிறான். தந்தை தடுத்து மணம் முடித்து வைக்கிறார். சமயப் பொருள்கள் விற்கும் கடையில் அவனுக்கு வேலையும் தேடித் தரப்படுகிறது. அவனோ முதலாளியின் மனைவியிடமே முறைகேடாக நடந்து வேலையை இழக்கிறான். அதற்கு ஈடாக அக்கடையிலிருந்து ஒரு வானவர் சிலையைத் திருடுகிறான். பிறிதொரு பெண்ணுடன் அவன் இரவைக் கழித்தமை அறிந்த சாந்திரா குழந்தையுடன் வீட்டை விட்டு அகல்கிறாள். அவளைத் தேடி அலையும் நாளில்தான் அவன் முதன்முறையாக உண்மையாகவே அஞ்சுகிறான். அவள் அவன் தந்தையின் இல்லத்திற் காணப்படுகிறாள். அங்கே தந்தை தம் இடைவாரினால் மகனை அடிக்கிறார். இணக்கம் நேர்கிறது, ஆயின் அது சிறுவனைத் திருத்தும் முறையால் நேர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது.

ஆல்பெர்ட்டோவின் நிலை வேறு. அவன் குடும்பம் தமக்கை ஓல்காவின் ஊதியத்தால் நடக்கிறது. அவளிடம் பணம் பெற்றுக்கொண்டே அவள் ஒழுக்கத்திற்குத் தான் காவல் என அவன் எண்ணுகிறான். களியாட்ட விழாவில் பெண் வேடம் புனைந்து குடித்து மயங்கி அவன் வீடு திரும்பும் விடியலில், தான் விரும்பிய, மணமான ஒருவனுடன் ஓல்கா ஊரைவிட்டுப் போகிறாள். இனித் தானே வேலைக்குச் செல்வதாகத் தாயிடம் கூறியவன், வேலை ஏதேனும் கிடைத்ததா என அவள் வினவியதும் இல்லை என்று கூறி உறங்கிவிடுகிறான்.

போருக்குப் பிந்திய இத்தாலியத் திரைப்படங்களுடன் ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். விட்டோரியோ தெ சீக்காவின் ‘மிதிவண்டித் திருடர்கள்’ (1948) என்னும் படத்தில் வேலை வேண்டி ஏங்கும் ஒருவன் அதனைக் காக்கவியலாது தவிக்கிறான். அங்குத் தடையாவது வறுமை. ஈண்டோ வேலை கைக்கு வந்தும் உதறப்படுகிறது. ஈண்டுத் தடையாவது பிறர் உழைப்பில் அமைந்த வசதியே.

இனி முடிவுக்கு வருவோம். மொரால்டோ ஒருவருக்கும் கூறாது விடியற்காலைப் புகைவண்டியில் ஏறுகிறான். எங்குச் செல்கிறான் என்பது அவனுக்கே தெளிவாக இல்லை. வண்டி நகர, உறங்கும் நண்பர்களின் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. அவனிடம் ஏனையோர்க்கில்லாத மன உறுத்தல் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவன் தங்கைக்கும் பெற்றோர்க்கும் சொல்லாமலே செல்கிறான். பவுஸ்டோ தொடக்கத்தில் ஓட முயன்றதற்கும் மொரால்டோ இறுதியில் நீங்குதற்கும் நோக்கம் வேறாயினும் வடிவம் ஒன்றே. மொரால்டோவின் நகர வாழ்க்கையைப் பற்றிப் பெல்லினி எழுதிய தொடர்கதை படமாகவில்லை. அதன் கூறுகள் ‘லா தோல்ச்சே வீட்டா’ (1960) படத்திற் கலந்தன. அப்படத்தின் தலைவனாகிய மார்செல்லோ உரோம் நகரை அடைந்தும் பொறுப்பை அடையாதவன். ஆதலின் இடப்பெயர்ச்சி முதிர்ச்சி ஆகாது என்பது ஆசிரியர்க்கும் உடன்பாடு எனக் கருத இடமுண்டு.

அங்ஙனமாயின் இப்படத்தில் முதிர்ந்தவர் யாவர்? வழியனுப்ப நிற்கும் குவிதோ என்னும் சிறுவனைக் காண்க. புகைவண்டி நிலையத்தில் பணியாற்றும் அவன் விடியுமுன் எழுந்து வேலைக்கு வருபவன். அதுபற்றி முறையீடு அற்றவன். வண்டி சென்றபின் தண்டவாளத்தின் மீது கால் பிசகாது நடந்து தன் பணிக்குத் திரும்புகிறான். ஆண்டில் இளையவனாகிய அவனே நிலையில் மூத்தவன். குடும்பத்தைத் தாங்கிய ஓல்காவையும், குழந்தையை ஏந்திய சாந்திராவையும் அவனோடு வைத்து எண்ணுதல் தகும்.

கேபிரியேல் முச்சினோவின் ‘இறுதி முத்தம்’ (2001) என்னும் இத்தாலியப் படமும் முப்பதை அணுகும் ஆடவரிடம் இவ்வச்சத்தையே காட்டுகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வச்சம் புதுக்கதைக்குப் பொருளாகிறது. போதலும் தங்குதலும் அதற்கு மருந்தல்ல. பிறர்க்காக ஒரு சுமையைத் தோளில் ஏற்றலே மருந்து. இதனைப் பெல்லினி ஓர் அறவுரையாகக் கூறாமல், தண்டவாளத்தில் நடக்கும் சிறுவன் ஒருவனைக் காட்டி அமைகிறார்.